பாராமட்டா ஸ்டேஷனில் ஒரு கைதி

சிட்னி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறு, மார்ச். பிளாட்பாரத்தில் பழங்கால பிரிட்டனின் கெல்டிக் ராணி ஒருவர் நிற்கிறார். பள்ளி ஊர்வலத்துக்கு வேடமிட்ட யாழ்ப்பாணத்து டீச்சர். தஞ்சம் கேட்டு வந்த அரசனைக் கூட்டாளிகளான ரோமரிடம் காட்டிக்கொடுத்தவள் அந்த ராணி என்பதால், வெள்ளைக்காரிகள் யாரும் அந்த வேடத்துக்கு முன்வரவில்லையாம். அரசராக ஊர்க் கசாப்புக்கடைக்காரர், கைகள் கட்டப்பட்டு நிற்கிறார்.

"ரோமர் எங்கே?" என்கிறேன்.

"முன்னால பப்பில குடிக்கினம். கூட்டிக்கொண்டு வாறன். தம்பி, இந்தக் கயித்தை ஒருக்காப் பிடியுங்கோ."

போன ராணி திரும்பி வருவதற்குள் என் ரயில் வந்துவிடுகிறது. அரசர் கட்டிய கைகளாலேயே என் பெட்டியைத் தூக்கி ஏற்றிவிடுகிறார். வேறு வழியில்லாமல் கயிற்றை ஸ்டேஷன் மாஸ்டரிடம் நீட்டுகிறேன். ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிக்கொள்கிறார்.

ரயில் நகர்கிறது. "அவள் ராஜ்யத்துக்காகக் காட்டிக்கொடுத்தாள்," என்கிறார் அரசர், பிளாட்பாரத்தில் ஜன்னலோரமாக நடந்தபடி. "நீ ரயிலுக்காக."