இரண்டு நிமிடப் பாக்கி

ரயில்வே கேட் பார்த்துக்கொள்ளும் கேட்டக்கா தண்டவாளத்தின் குறுக்கே படுத்து ரயிலை நிறுத்திவிட்டாள் என்று சந்தை முழுக்கப் பேச்சு. அன்று அவள் கட்டியிருந்த சேலையின் நிறம் வரை சொன்னார்கள். விசாரிக்கப் போனவர்களை அவள் ரயில்வே கேட்டை இறக்கியபடியே வரவேற்றாள்.

"படுத்தேனா? எனக்கு வீட்டுலயே படுக்க நேரமில்ல. தள்ளி நில்லுங்க, வண்டி வருது."

வண்டி வர இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. கேட்டில் மாட்டிய லாரிக்காரர் ஹாரன் அடித்து ஓய்ந்துபோனார்.

ஊர் வரலாறு அவளுக்கு வாய்ப்பாடு மாதிரி. "இஞ்சினுக்குத் தாகம் எடுத்துச்சு, ஊர் பொறந்துச்சு" என்பாள். கரி இஞ்சின் காலத்தில் எல்லா வண்டியும் இங்கே நின்று தண்ணீர் பிடித்தது. தண்ணீர் ஏற்ற ஆட்கள், ஆட்களுக்கு வீடுகள், வீடுகள் நிறையப் பிள்ளைகள் என்று நாற்பது குவார்ட்டர்ஸ் ஆயிற்று. அவள் அப்பா பம்ப் ஓட்டியவர். டீசல் வந்ததும் தாகம் தீர்ந்தது. ஊரின் அவசியமும் தீர்ந்தது. தும்பிக்கை போல நீண்ட அந்தப் பழைய தண்ணீர்க் குழாயில் இப்போது அவள் நாத்தனார் போர்வை காயப்போடுகிறாள். மிச்சமிருப்பது பதினெட்டுக் குடும்பங்கள், ஒரு நாளைக்கு ஒரே பாசஞ்சர் வண்டி, ஒரு நிமிட நிறுத்தம்.

அந்த ஒரு நிமிடத்துக்கும் போன மாதம் வேட்டு வைக்கப் பார்த்தார்கள். அதிகாரி ஒருவர் வந்து ஒரு நாள் எண்ணுவாராம். நாற்பது பேர் ஏறாவிட்டால் இனி வண்டி நிற்காது. குவார்ட்டர்ஸையும் காலி செய்ய வேண்டியதுதான். கேட்டக்கா வீடு வீடாக ஏறி இறங்கி ஆள் சேர்த்தாள். டிக்கெட் எடுத்து அடுத்த ஸ்டேஷன் வரை போவது, நடந்து திரும்புவது. இதுதான் திட்டம்.

அன்று நாற்பத்தாறு பேர் குளித்துத் தலைவாரி பிளாட்பாரத்தில் நின்றார்கள். வண்டி வந்தது. ஒருவரும் ஏறவில்லை.

வண்டி வந்தால் ஒதுங்கி நின்று, சக்கரத்தில் புகை வருகிறதா, அடியில் ஏதாவது தொங்குகிறதா என்று பார்ப்பது ரயில்வே வேலைக்காரர்கள் ஊரான இங்கே நடை பழகும் முன்பே வந்துவிடும் பழக்கம். நாற்பத்தாறு பேரும் குனிந்து சக்கரம் பார்த்தார்கள். தண்டவாளம் மாற்றிவிடும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பாயிண்ட்ஸ்மேன் பெரியப்பா, எல்லாம் சரி என்று கார்டுக்குக் கையே காட்டிவிட்டார். கார்டு விசில் ஊதினார்.

"சக்கரத்த அப்புறம் பாக்கலாம், ஏறித் தொலைங்க!"

கேட்டிலிருந்து கத்திக்கொண்டே ஓடிவந்த அக்கா, செருப்பு அறுந்து பிளாட்பாரச் சரிவில் குப்புற விழுந்தாள். சந்தைக் கதை பிறந்தது அங்கேதான். "நின்ன வண்டிய நிறுத்த எதுக்குங்க படுக்கணும்?" என்பாள் அக்கா.

ஆனால் விசிலுக்குப் பிறகும் வண்டி நகரவில்லை. டிரைவர் தலையை நீட்டி, பெரியப்பாவை நான்கு பேர் தூக்கி ஏற்றுவதைப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார். இரண்டு நிமிடம் துடைத்தார். அதற்குள் நாற்பத்தாறு பேரும் ஏறிவிட்டார்கள். மேலிடம் விளக்கம் கேட்டதற்கு, கண்ணில் தூசி என்று எழுதிக் கொடுத்தாராம்.

நிறுத்தம் தொடரும் என்று கடிதம் வந்த அன்று, கட்டி வைத்த மூட்டைகளை ஊரே அவிழ்த்தது.

"எல்லாம் நீங்க விழுந்த புண்ணியம், அண்ணி. பூமி அதிர்ந்ததுல வண்டி பயந்துபோய் நின்னுருச்சு" என்றாள் நாத்தனார்.

"அந்தப் போர்வைய எடுத்து வாய்ல கட்டிக்கோ."

அக்காவுக்கு ஒன்றுதான் உறுத்தல். "அந்த டிரைவர் மனுஷனுக்கு ரெண்டு நிமிஷம் பாக்கி வெச்சிருக்கேன்." கேட் இவ்வளவு முன்பாக இறங்குவதன் ரகசியம் இதுதான்: தன்னால் அவருக்கு ஒரு நொடி தாமதம் ஆகக்கூடாது. வண்டியோ தினமும் தன் பாட்டுக்கு லேட்டாகவே வந்து, கடனை வாங்கிக்கொள்ள மறுக்கிறது.

"எங்கக்கா வண்டி?" என்று லாரிக்காரர் கத்தினார்.

வளைவில் இஞ்சின் தலை காட்டியது. அதே டிரைவர் ஜன்னல் வழியே இரண்டு விரலை நீட்டிச் சிரித்தார். கேட்டக்கா பச்சைக் கொடியை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள்.