வெங்காயம் நிறைத்த மலையேற்றப் பை

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தருகே பை விற்ற அந்த மெலிந்த மனிதரை நான் சந்தித்தது ஒரு செவ்வாய்க்கிழமை, நாட்குறிப்பில் இருக்கிறது. சனிக்கிழமை முதன்முறையாகக் கயிறு கட்டிப் பாறை ஏறவிருந்தேன். பின்னால் இழுத்து விழுத்தாத பை வேண்டுமென்றேன்.

தன் வீட்டுக்கு வாங்கி வைத்திருந்த வெங்காயம் முழுவதையும் அவர் ஒரு பைக்குள் கொட்டி, என் முதுகில் மாட்டி, என்னைக் கடை ஏணியில் ஏற்றினார்.

"அண்ணாந்து பாருங்கோ. தலை பையிலை இடிக்குதோ?"

"ஓம்."

"அப்ப உது பள்ளிக்கூடத்துக்குத்தான் சரி. இறங்குங்கோ."

நாலாவது பை இடிக்கவில்லை. அதையே வாங்கினேன்.

"அண்ணை, நீங்கள் மலை ஏறியிருக்கிறியளோ?"

"எனக்கு உந்த ஏணியிலை ஏறினாலே தலை சுத்தும்."

சனிக்கிழமை பை என்னை இழுக்கவில்லை. உச்சியில் எனக்குத்தான் தலை சுற்றியது. தண்ணீர் தேடிய கையில், பக்கப் பையிலிருந்த ஒரு வெங்காயம் அகப்பட்டது. மறந்துவிட்டாரா, தலை சுற்றினால் முகரவென்று வைத்தாரா, இன்னும் விளங்கவில்லை. முகர்ந்தேன், தலை தெளிந்தது.