நெல்டா மேற்கே கொண்டுபோன வீடு

எண்பத்திரண்டாம் நெடுஞ்சாலையில் சீமோருக்கு மேற்கே லாரி ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் நெல்டா ஹ்ரூஸ்காவைத் தெரியும் என்பார்கள். பாதிப் பேர் அவள் முகத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள், குரலைத்தான் கேட்டிருப்பார்கள். வீடு, எண்ணெய்த் தொட்டி, காற்றாலை இறக்கை என்று சாலையை அடைத்துக்கொண்டு ஏதாவது பாரம் வந்தால், அதற்கு அரை மைல் முன்னால் அவளுடைய பழைய பிக்கப் வண்டி மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு போகும். வண்டியின் மூக்கில் ஒரு நெட்டைக் கம்பி செங்குத்தாக நிற்கும். பின்னால் வரும் பாரத்தைவிட அது நாலு விரற்கடை உயரம். மின்கம்பியோ மரக்கிளையோ தாழ்ந்து தொங்கினால் முதலில் அந்தக் கம்பிதான் தட்டுப்படும். உடனே ரேடியோவில் குரல் வரும்: "நில்லுப்பா, ஹாலிஸ்."

ஹாலிஸ் நான்தான். பதினொரு வருஷமாக அவளுக்குப் பின்னால் லாரி ஓட்டுகிறேன்.

நெல்டாவுக்கு டிக்கன்ஸ் ஊர்ப் பக்கம். அப்பாவுக்குப் பருத்தியும் கொஞ்சம் மாடும். பத்தொன்பது வயதில் வெண்டல் ஹ்ரூஸ்காவைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடச் சமையலறையில் பத்தொன்பது வருஷம் பிள்ளைகளுக்குத் தட்டில் பரிமாறினாள். வெண்டல் எண்ணெய்க் கிணற்று வேலையில் கீழே விழுந்து முதுகொடிந்த பிறகுதான் இந்த வேலைக்கு வந்தாள். "சமையக்காரிக்கு ரோட்டுல என்ன வேலை"ன்னு அப்போது சிரித்தவர்கள் உண்டு. ஆறு மாதத்தில் சிரிப்பை நிறுத்தினார்கள்.

ஏன் நிறுத்தினார்கள் என்பதற்கு என்னிடமே ஒரு சாட்சி இருக்கிறது. ஒரு பனிமூட்டக் காலையில், கத்ரி தாண்டி வரும் ஏற்றத்தில் நான் ஒரு முழு வீட்டோடு ஏறிக்கொண்டிருந்தேன். எதிரே மேட்டுக்கு அந்தப் பக்கம் பருத்தி லாரி ஒன்று ரேடியோவை அணைத்துவிட்டு வேகமாக வந்தது. நெல்டா தன் வண்டியைச் சாலைக்குக் குறுக்கே போட்டு, இறங்கி, அதற்கு முன்னால் போய்ச் சிவப்புத் துணியோடு நின்றாள். லாரி அவளுக்குப் பத்தடி முன்னால் வந்து நின்றது.

"உனக்கென்ன பைத்தியமா, பொம்பள?" என்று கத்தினான் அந்த ஓட்டுநர்.

"எனக்குப் பின்னாடி வர்றவனுக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு. திட்டணும்னா வண்டிய ஓரங்கட்டிட்டுத் திட்டு, கேக்கறேன்."

அவன் ஓரங்கட்டினான். ஆனால் திட்டவில்லை.

அவளுக்கு ஒரே அண்ணன், ராய்ஸ். அப்பாவின் நிலத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தவன். இருவரும் ஒன்பது வருஷம் பேசிக்கொள்ளாமலே இருந்தார்கள். அவர்களுடைய அம்மா இறந்தபோது நெல்டா நியூ மெக்ஸிகோவுக்கு ஒரு பாரத்தைக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். செய்தி கேட்டதும் பாரத்தை ஒப்படைத்துவிட்டு இரவு முழுக்க ஓட்டி வந்து சேர்ந்தாள். அதற்குள் ராய்ஸ் அடக்கம் செய்து முடித்துவிட்டான். கல்லறையில் ஈரமண்ணைப் பார்த்துவிட்டு அவள் அப்படியே திரும்பிப் போனாள். அதன் பிறகு, வாரத்தில் மூன்று நாள் அண்ணன் வீட்டு வாசலைக் கடந்தாலும், தலையைத் திருப்ப மாட்டாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், பிப்ரவரிக் கடைசியில் பெருங்காற்றோடு புல்வெளித் தீ வந்தது. ராய்ஸ் வேலியை வெட்டி நாற்பது மாடுகளைக் காப்பாற்றினான். வீட்டைக் காப்பாற்ற முடியவில்லை. யாரோ இரவலாகக் கொடுத்த, காருக்குப் பின்னால் கோத்துப் போகும் கூரையுள்ள ஒரு இழுவை வண்டிக்குள் படுத்துக் கிடந்தான். கருகிய நிலத்தில் புகைக்கூண்டு மட்டும் தனியாக நின்றது. நாங்கள் அந்த வழியே போகும்போதெல்லாம் ரேடியோவில் அவள் பேச்சு அரை மைலுக்கு நின்றுவிடும். நானும் எதுவும் கேட்க மாட்டேன்.

செப்டம்பரில் பெல்மார் என்ற ஊரில் டீக்காக நிறுத்தினோம். சாலையை அகலப்படுத்த இடிக்கப் போகும் வீடு ஒன்று அங்கே இருந்தது. கதவில் சிவப்பு மையால் குறுக்குக் கோடு போட்டிருந்தார்கள். நெல்டா அதை மூன்று சுற்றுச் சுற்றினாள். பிறகு டார்ச்சோடு தரைப்பலகைக்கு அடியில் தவழ்ந்து போனாள். அறுபத்திரண்டு வயதுக்காரி. வெளியே வரும்போது முழங்கையெல்லாம் மண்.

"கரையான் இல்ல," என்றாள். "தூலமெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. எடுத்துட்டுப் போனாப் போதும், சும்மாவே குடுக்கறாங்களாம்."

"யாருக்குக்கா?"

"ராய்ஸுக்கு."

"அவர் கேட்டாரா?"

"கேக்கற ஆளா அவன்? பல்லு விழுந்தாக்கூட வாயத் திறக்க மாட்டான்."

"வேண்டாம்னுட்டா?"

"வீட்ட எறக்கி வச்சுட்டுக் கேட்டுக்கலாம்."

அதற்கு மேல் அவளிடம் பேசிப் பயனில்லை என்று எனக்குத் தெரியும். வாசல் மண்டபத்தையும் புகைக்கூண்டையும் அறுத்தெடுத்து, அடியில் இரும்பு உத்திரங்களைச் செருகி, ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தில் ஏற்றினோம். அப்படியும் அகலம் இருபத்தாறு அடி. அனுமதிச் சீட்டு அக்டோபர் மாதத்து ஒரு வெள்ளிக்கிழமைக்குக் கிடைத்தது. பொழுது விடிந்த பிறகு கிளம்ப வேண்டும், பொழுது சாய்வதற்குள் சேர வேண்டும். சனிக்கிழமை காற்று அடிக்கும் என்று வானிலையில் சொல்லிவிட்டார்கள். காற்றில் வீட்டை நகர்த்தக் கூடாது. அந்த ஒரு நாளை விட்டால் அடுத்த வாரம் புல்டோசர் வந்துவிடும்.

விடிந்ததும் கிளம்பினோம். முன்னால் நெல்டா, நடுவில் வீட்டோடு நான், பின்னால் என் மச்சான். எதிரே வருகிறவர்கள் புல்தரையில் இறங்கி நின்று தொப்பியைத் தூக்கினார்கள். தபால் பெட்டி இடித்தால் நெல்டா இறங்கிப் பிடுங்கி ஓரத்தில் வைப்பாள். நாங்கள் கடந்ததும் மச்சான் அதைத் திரும்ப நடுவான். சீமோரில் ஒரு தொலைபேசிக் கம்பி தாழ்ந்து தொங்கியது. அதைத் தூக்கிப் பிடிக்க வருவதாகச் சொன்ன ஆள் வேறெங்கோ மாட்டிக்கொள்ள, மூன்று மணி நேரம் போய்விட்டது.

வார்ட்லோவை அடைந்தபோது பிற்பகல் இரண்டே முக்கால். ஊருக்கு ஒரே தெரு, அதுதான் நெடுஞ்சாலை. அதன் குறுக்கே போலீஸ் தடுப்பு. அன்று மாலை பள்ளிக்கூடத்தின் பெரிய கால்பந்தாட்டம். அதற்கு முன்னால் ஊர்வலம். மேளக்காரப் பிள்ளைகள் இறகுத் தொப்பியோடு நின்றார்கள். வைக்கோல் பரப்பிய வண்டிகளில் பிள்ளைகள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

தடுப்பருகே நின்ற இளம் காவலர் வீட்டை மேலும் கீழும் பார்த்தார். "அஞ்சு மணிக்குத்தாம்மா ரோடு திறக்கும். அதுவரைக்கும் இங்கயே நில்லுங்க."

"அஞ்சு மணிக்குத் திறந்தா நான் போய்ச் சேர முடியாது, தம்பி. நாளைக்குக் காத்து."

"நான் என்னம்மா பண்ணட்டும்? ஊரே தெருவுல நிக்குது."

"இதுக்குப் பெரியாள் யாரு?"

காவலர், கையில் அட்டையோடு அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்த ஒரு பருத்த அம்மாவைக் காட்டினார். பள்ளி ஆசிரியை, பெயர் மிஸஸ் தார்ப். நெல்டா நேரே அவளிடம் போனாள். நான் லாரியை விட்டு இறங்கிப் பின்னாலேயே போனேன்.

"ஊர்வலத்துல கடைசி வண்டி எதுங்க?"

"தீயணைப்பு வண்டி. ஏன்?"

"அதுக்குப் பின்னாடி ஒரு வீடு வந்தா என்ன?"

மிஸஸ் தார்ப் கண்ணாடியை இறக்கிவிட்டு எங்கள் பாரத்தைப் பார்த்தாள். "விளையாடறீங்களா? புள்ளைங்க இருக்காங்க. யாருக்காவது அடிபட்டா?"

"நடக்கற வேகத்துலதான் வருவான். இத்தன வருஷத்துல இவன் ஒரு கோழியக்கூட இடிச்சதில்ல. பக்கத்துக்கு ரெண்டு தீயணைப்புக்காரங்கள நடக்க விடுங்க." நெல்டா மூச்சு வாங்கினாள். "எங்கண்ணன் வீடு தீயில போயிருச்சுங்க. எட்டு மாசமா மாடு ஏத்தற வண்டிக்குள்ள படுத்த மாதிரி படுத்துக் கெடக்கான். இன்னைக்கு விட்டா நாளைக்குக் காத்துல இந்த வீடும் போயிரும்."

மிஸஸ் தார்ப் தெருவில் நின்ற பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தாள். தீயணைப்பு வண்டியின் மேல் உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவர் அங்கிருந்தே குரல் கொடுத்தார். "அந்தத் தீக்கு நாங்களும் வந்தோம், தாயி. புகைக்கூண்டு மட்டும் நிக்குமே, அந்த இடந்தான?"

"அதேதான்."

"விடு, தார்ப்பு. நான் நடக்கறேன் பக்கத்துல."

"சரி, எந்த ஊர் வீடு இது?" என்று கேட்டாள் மிஸஸ் தார்ப்.

"பெல்மார்."

அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "இன்னைக்கு எங்க பசங்க ஆடறதே பெல்மார்கூடத்தான்!"

அடுத்த கால் மணி நேரத்தில் நான் ஏற்றி வந்த வீட்டின் இரண்டு பக்கமும் படுதா கட்டியிருந்தார்கள். கையெழுத்து கோணல்மாணல், பெயிண்ட் வழிந்துகொண்டிருந்தது: 'பெல்மாரை வீட்டோடு பெயர்த்தோம்!' மேளம் முன்னால் முழங்க, தீயணைப்பு வண்டிக்குப் பின்னால் நான் ஊர்ந்தேன். ஊரே எழுந்து நின்று கத்தியது. யாரோ என் ஜன்னலுக்குள் மிட்டாயை அள்ளி வீசினார்கள். நெல்டா எதையும் பார்க்கவில்லை. கண் முழுக்க மேலே கம்பியில்தான். "வலது பக்கம் பல்பு மாலை தொங்குது, ஒரு முழம் இடது வா. இன்னும் கொஞ்சம். ஆங், போதும்." அந்தச் சத்தத்திலும் அவள் குரல் ஒரு பிசிறில்லாமல் வந்தது.

நாலு மணிக்கு ஊரைத் தாண்டினோம். அதற்குப் பிறகு அவள் எங்கும் நிற்கவிடவில்லை. ஒவ்வொரு பாலத்துக்கும் முன்னாலேயே போய் எதிர் வண்டிகளை மறித்து வைத்திருப்பாள். பெஞ்சமின் போனது, கத்ரி போனது. வெயில் நேராகக் கண்ணில் குத்தியது. சூரியன் ஒரு முழம் மிச்சமிருக்கும்போது ராய்ஸின் வாசலுக்கு வந்தோம்.

அவன் ஏற்கெனவே வாசலில் நின்றிருந்தான். மேட்டிலிருந்து பார்த்திருப்பான் போல. ஒல்லியான ஆள், கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நெல்டா வண்டியை விட்டு இறங்கினாள். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு முதல் வார்த்தையை யார் பேசுவார்கள் என்று நான் லாரியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னது இது?" என்றான் ராய்ஸ்.

"கண்ணு தெரியலயா? வீடு."

"நான் கேட்டனா?"

"நீ கேட்டேன்னு யார் சொன்னா?"

"பெல்மாரப் பத்தி ஏதோ எழுதியிருக்கு."

"அது வேற கதை. வழிய விடு, பொழுது சாயுது."

"இந்த வாசல் பதினாறு அடி. அப்பா நட்ட கல்தூண்."

"அப்பா நட்டத நாம புடுங்கக் கூடாதா?"

"தொட்ட, தெரியும் சேதி." அவன் வாசலை விட்டு நகரவில்லை. நெல்டாவும் நகரவில்லை. தூணைப் பிடுங்க அவள் கையில் எடுத்திருந்த இரும்புச் சங்கிலியின் நுனி தரையில் கிடந்தது. அவன் அதைப் பார்த்தான். பிறகு லாரியைப் பார்த்தான், அதன் மேலிருந்த வீட்டை, அதன் ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"தெக்கால வேலி எரிஞ்சு போச்சு," என்றான் கடைசியில். "அறுபது அடி ஒரு கம்பம் இல்ல. அந்தப் பக்கம் வரச் சொல்லு. மண்ணு இறுகித்தான் கெடக்கு."

தீ தின்ற வேலி வழியாகத்தான் அந்த வீடு உள்ளே போனது. நான் எஞ்சினை அணைத்தபோது சூரியனின் மேல்விளிம்பு மட்டும் தெரிந்தது.

மறுநாள் சொன்னபடியே காற்று சுழற்றியது. நாங்கள் வீட்டுக்கடியில் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். அண்ணனும் தங்கையும் ஒரே உத்திரத்தின் இரண்டு பக்கம் மண்டியிட்டிருந்தார்கள். நெல்டா தலையைத் தூக்காமலே கேட்டாள். "அம்மாவ ஒரு நாள் வச்சிருந்தா என்ன, அண்ணே? நான் வருவேன்னு தெரியாதா?"

"தெரியும். அதான் வைக்கல."

நான் எழுந்து போகலாமா என்று பார்த்தேன். போனால் கட்டை சரியும்.

"மூணு வருஷம் பக்கத்துல இருந்து பார்த்தவன் நான்," என்றான் ராய்ஸ். "கடைசி வாரம் முழுக்க 'நெல்டா வந்துட்டாளா, நெல்டா வந்துட்டாளா'ன்னு ஒரே கேள்வி. ஒரு தடவ என் பேரச் சொல்லல. மனசு விட்டுப் போச்சு. தப்புன்னு அன்னைக்கு சாயங்காலமே தெரிஞ்சுது. அப்புறம் எப்படிச் சொல்றது?"

நெல்டா கையுறையைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டிக்கொண்டாள்.

"சரி," என்றாள். "அந்த ஜாக்கிய இன்னும் ரெண்டு அங்குலம் ஏத்து. தரை சாஞ்சா உருண்டு விழப்போறவன் நீதான்."

ராய்ஸ் உடனே குடிபோகவில்லை. 'பிறகு பார்க்கலாம்' என்று மூன்று வாரம் இழுவை வண்டியிலேயே கிடந்தான். நவம்பரில் முதல் வடகாற்றுக் குளிர் இறங்கிய அன்று தன் படுக்கையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். நெல்டா ஞாயிறுதோறும் மாதாகோயில் முடிந்து அங்கே சாப்பிடுகிறாள். சமையல் அவன்தான். மிளகு போதாது என்று அவளும், வேண்டுமென்றால் போட்டுக்கொள் என்று அவனும் சொல்வார்கள்.

போன மாதம் காற்றாலை இறக்கை ஒன்றோடு மேற்கே போனோம். அவளுக்கு அறுபத்தைந்து ஆகிறது. கம்பியைப் பார்க்கிற கண் இன்னும் பழுதில்லை. ராய்ஸின் நிலத்தை நெருங்கும்போது இப்போதெல்லாம் அந்தப் பழைய மௌனம் இல்லை. ரேடியோ கரகரத்தது.

"ஹாலிஸ், அவன் கதவுக்கு மஞ்சப் பெயிண்ட் அடிச்சிருக்கான் பாத்தியா? ரெண்டு மைல் தூரத்துக்குத் தெரியுது. யாருகிட்டக் கேட்டு அடிச்சான்?"

"நல்லாத்தானக்கா இருக்கு."

"நல்லாத்தான் இருக்கு. வண்டிய நேரா ஓட்டு, முன்னால பாலம் வருது."