மேனேஜர் வாங்கித் தந்த டீ

பேகம்பேட் அலுவலகத்தில் எங்கள் மேனேஜர் டீ குடிக்கக் கூப்பிட்டால் மேஜையைக் காலி செய்யத் தொடங்கிவிடலாம். யாரை வேலையிலிருந்து நீக்கினாலும் எதிரிலிருந்த இரானி ஹோட்டலில் வைத்துத்தான் சொல்வார். செகந்திராபாத் தமிழர். எப்போதும் வெள்ளைச் சட்டை. உஸ்மானியா பிஸ்கட்டை டீயில் நனைத்து, உடைந்து விழுவதற்குள் வாயில் போட்டுக்கொள்வார். சட்டையில் ஒரு சொட்டுகூடச் சிந்தாது.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

“நாளைலேர்ந்து நீங்க வர வேண்டாம்.”

“வீட்ல என்ன சார் சொல்லுவேன்?”

“மொதல்ல டீயக் குடிங்க. ஆடை படியுது பாருங்க.”

நான் கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

“பிஸ்கட்டும் நக்கோவா, வேண்டாமா?” என்றவர், என் பிஸ்கட்டை எடுத்து என் டீயிலேயே நனைத்து, ருசித்துத் தின்றார். அந்த முகத்தில் என்மேல் கொஞ்சம் கோபமாவது இருந்திருக்கலாம்.