பொய் சொல்லாத துணி

கடைசியாக அம்மாவும் மகளும் சேர்ந்து செய்த வேலை, மாடிக் கொடியில் பன்னிரண்டு துணி டயப்பர்களைக் காயப்போட்டதுதான். அத்தனையும் அம்மா தைத்தவை. தையல் வேலை பார்த்த அவளுக்குத் தெருவில் ‘சிஐடி’ என்று பெயர். பால் பாக்கெட்டைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவாள். பேரனுக்குத் தொடையிடுக்கில் புண் வந்த அன்று, கடையில் வாங்கிய டயப்பரைக் கத்தரியால் வெட்டித் தண்ணீர் ஊற்றினாள். உள்ளிருந்த தூள் ஜவ்வுபோல் உப்பியது.

“பாத்தியா? இத்தனையும் முழுங்கிட்டு மேல ஒண்ணுமே தெரியாத மாதிரி நடிக்குது. நனைஞ்சது தெரிஞ்சாத்தானேடி மாத்துவ? துணி பொய் சொல்லாது.”

மகள் பொறியாளர். அவளுக்குத் துணிமேலும் சந்தேகம். துணிக்கு மாறிய நான்காம் நாள் புண் ஆறியபோதும் விடவில்லை.

“டாக்டர் குடுத்த களிம்பால ஆறியிருக்கலாம்மா. அதை நிறுத்திட்டு ஒரு வாரம் பாக்கணும்.”

“என் வயித்துல பொறந்தது வேற எப்படி இருக்கும்!” என்று கொடியடியில் நின்று சிரித்தாள் அம்மா.

மறுநாள் காலை அவள் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

களிம்பில்லாமல் ஒரு வாரம் போயிற்று. புண் திரும்பவில்லை. அதைச் சொல்லத்தான் ஆளில்லை.

தையல் மெஷின் இழுப்பறையில் பட்டன் வைக்காத பதின்மூன்றாவது டயப்பர் இருந்தது. அதில் குத்தியிருந்த சீட்டில் அம்மாவின் கையெழுத்து: ‘அழுத்துற பட்டன் ஆறு வாங்கணும். கடைக்காரன் துருப்பிடிக்கிற இரும்பைத் தலையில கட்டிடுவான். காந்தம் வெச்சுப் பாக்கணும்.’

சீட்டுக்கு அடியில் காந்தமும் தயாராக இருந்தது.