மெர்சிங் படகுத்துறையில் என் தங்கையின் ஆங்கிலம்

ஸ்கூடாயிலிருந்து மெர்சிங் போகிறவர்கள் கோத்தா திங்கி வழியாகத்தான் போவார்கள். போன ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை நான் மட்டும் ரெங்கம், குளுவாங் என்று சுற்றிக்கொண்டு போனேன். ரெங்கத்தில் இருக்கும் என் தங்கை மாலதியை ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அவள் பதினான்கு வருடம் வேலை பார்த்த ஃபேக்டரி மூடி நான்கு மாதம் ஆகியிருந்தது. தீவுகளுக்குப் படகு விடும் ஒரு கம்பெனியில் கவுண்டர் வேலைக்கு நேர்முகத்துக்கு அழைத்திருந்தார்கள். இதற்கு முன் இரண்டு இடங்களில் ‘இங்கிலீஷ் பத்தாது’ என்று அனுப்பிவிட்டார்கள். அண்ணன்காரனோ டியூஷன் சென்டரில் ஆங்கில இலக்கணம் நடத்துகிறவன். மூன்றாவது இடத்திலும் அதையே சொன்னால் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

காலை 5.40க்கு ஸ்கூடாயை விட்டேன். ரெங்கம் 72 கிலோமீட்டர், 6.50க்கு மாலதி இஸ்திரி போட்ட நீலச் சட்டையோடு வாசலில் நின்றாள். குளுவாங்கில் தமிழ் முஸ்லிம்காரர் நடத்தும் மாமாக் கடையில் இரண்டு ரொட்டி சானாய், இரண்டு தே தாரேக் டீ, மொத்தம் 7 வெள்ளி 60 காசு. அவள் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வைத்தாளே தவிர, சாப்பிடவில்லை.

குளுவாங்கிலிருந்து மெர்சிங் வரை இருவழிச் சாலை. இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம், முன்னால் எப்போதும் ஒரு லாரி. காஹாங் தாண்டியதும் யானை கடக்கும் இடம் என்று பலகை இருக்கிறது, வேகத்தைக் குறையுங்கள். நான் குறைத்தேன், என் வாயைத்தான் குறைக்கவில்லை. ‘லாஸ்ட் டைம் ஐ வொர்க் ஃபேக்டரி’ என்றாள், திருத்தினேன். ஏசியைப் போடு என்பதற்கு ‘ஆன் த ஏர்கோன்’ என்றாள், அதையும் திருத்தினேன். வாக்கியத்துக்கு வாக்கியம் வால்போல ஒட்டும் ‘லா’வுக்கு முழுத் தடை போட்டேன். பயணிகளிடம் சொல்ல நான் எழுதிக் கொடுத்த ஆறு வரியை அவள் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஏற்பட்ட அசௌகரியத்துக்கு நாங்கள் உளமார வருந்துகிறோம் என்பதன் ஆங்கிலம் அதில் இரண்டு முறை வரும்.

“அலமாக், அண்ணே! இதெல்லாம் மனுஷங்க பேசுற இங்கிலீஷா?”

“வேலை வேணுமா, வேணாமா?”

“வேணும்ணே. பிள்ளைங்க ஸ்கூல் பஸ்ஸ நிறுத்தியாச்சு. நானே மோட்டார் சைக்கிள்ல கொண்டு விடுறேன்.”

அதற்குப் பிறகு ஜெமாலுவாங் வரை நான் எதையும் திருத்தவில்லை.

ரெங்கத்திலிருந்து 112 கிலோமீட்டர். 9.35க்குப் படகுத்துறை போய்ச் சேர்ந்தோம். கார் நிறுத்த நாளுக்குப் பத்து வெள்ளி கொடுத்தேன். மெர்சிங்கில் படகு கடிகாரத்தைப் பார்த்துப் புறப்படாது, கடல் ஏறுவதைப் பார்த்துத்தான் புறப்படும். அன்று தண்ணீர் இறங்கிக் கிடந்தது. பதினொரு மணிப் படகு பன்னிரண்டரைக்குத்தான் போக முடியும். கூடத்தில் நாற்பது பேர் பெட்டியும் பையுமாகக் காத்திருந்தார்கள்.

மேலாளர் ஒரு மலாய்ப் பெண்மணி. பத்தரைக்கு மாலதியைக் கூப்பிட்டார். நாற்காலியில் உட்காரக்கூட வைக்கவில்லை. “படகு தாமதம்னு கூடத்துல இருக்கிறவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க. அதுதான் இன்டர்வியூ” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

மாலதி கூடத்தின் நடுவில் நின்று என் ஆறு வரியை ஆரம்பித்தாள். ஒரு பிழை இல்லை. ஒருவரும் கேட்கவும் இல்லை. முக்குளிக்கும் சாமான்களோடு நின்ற சீனப் பெரியவர், “ஸோ வாட் டைம்?” என்று கத்தினார். குழந்தைகள் அழுதன. மாலதி என்னைப் பார்த்தாள். நான் அடுத்த வரியை வாயசைத்தேன். போச்சு என்று நினைத்தேன்.

அவள் என்னிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு நேராகப் பெரியவரிடம் போனாள்.

“அங்கிள், போட் நௌ கெனாட். வாட்டர் டூ லோ. ட்வெல்வ் தர்ட்டி கேன்.”

“கன்ஃபர்ம் ஆ?”

“கன்ஃபர்ம் லா. யூ ஈட் ஃபர்ஸ்ட், ட்வெல்வ் கம் பேக். வாட் டைம் யூ கம் பேக்?”

“ட்வெல்வ்.”

“குட்!”

அடுத்து ஒரு வெள்ளைக்கார ஜோடி. அங்கே ‘லா’ காணாமல் போனது. முழு வாக்கியங்கள், நிதானமாக. கடல் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கையால் அளந்து காட்டினாள். பிறகு ஒரு மலாய்க் குடும்பம், மலாயில். கடைசியில் ஒரு தமிழ் அம்மா. “ஆன்ட்டி, கோவிச்சுக்காதீங்க, தண்ணி ஏறட்டும்” என்றாள். ஒவ்வொருவரிடமும் நேரத்தை அவர்கள் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைத்த பிறகுதான் அடுத்தவரிடம் நகர்ந்தாள். கால் மணி நேரத்தில் பாதிக் கூடம் சாப்பிடப் போய்விட்டது.

“திருப்பிச் சொல்ல வைக்க எங்கே கற்றீர்கள்?” என்று மேலாளர் கேட்டார்.

ஃபேக்டரியில்தான் என்றாள். நேபாளி, பர்மாக்காரர், வங்காளதேசி என்று அவள் வரிசையில் இருபது பேராம். எதைச் சொன்னாலும் எல்லோரும் தலையாட்டுவார்களாம். தலையாட்டியதை நம்பி மெஷினை ஓடவிட்டால் யாருக்காவது விரல் போய்விடும். அதனால் திருப்பிச் சொல்லாதவனை அவள் மெஷின் பக்கம் விடவே மாட்டாளாம். பதினான்கு வருடத்தில் அவள் வரிசையில் ஒருவருக்கும் விரல் போகவில்லை. இது எனக்கு அன்றுவரை தெரியாது. என் வகுப்பிலும் பிள்ளைகள் தலையாட்டத்தான் செய்கிறார்கள், நானும் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறேன்.

மேலாளர் என் பக்கம் திரும்பி, “நீங்கள்தான் ஆசிரியரா?” என்றார்.

“இல்லை, அண்ணன்” என்றேன். இருபது வருடமாக ஆங்கிலம் பேசுகிறேன், அதில் இவ்வளவு பெருமையாக எந்த வாக்கியமும் சொன்னதில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். படகு நேரத்தை முந்தின நாளே போன் போட்டுக் கேளுங்கள், ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். அடையாள அட்டையும் சில்லறையும் கையில் இருக்கட்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை கடல் கொந்தளிக்கும், படகை நம்பிக் கிளம்பாதீர்கள். இருட்டியபின் காஹாங் சாலை வேண்டாம். உங்களுக்கு வந்த ஆங்கிலத்தில் தாராளமாகப் பேசுங்கள். கவுண்டரில் இருக்கும் பெண் உங்களை நேரத்தைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் கோபப்படாமல் சொல்லுங்கள். அவள் என் தங்கை.