சரிவில் நிறுத்திய வண்டி

நைனாவின் கால் உடைந்ததற்கு நான்தான் காரணம் என்று ஒரு மழைக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நகரிக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் அவருக்கு ஒரு மாந்தோப்பு இருக்கிறது. நானும் என் கணவரும் புத்தூரில் குடியிருக்கிறோம். எனக்குத் திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை. அவர் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனிக்குப் போகிறார். தோப்புப் பாதை கல்லும் பள்ளமுமாக இருக்கும், நடுவில் ஒரு ஓடை வேறு. அதற்காகத்தான் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். அதில் ஹேண்ட் பிரேக் என்று இழுத்துப் பிடிக்க எதுவும் கிடையாது. கியருக்குப் பக்கத்தில் ஒரு பட்டன். அதை மேலே தூக்கினால் பின்சக்கரங்களில் இருக்கிற மோட்டார்கள் உர்ரென்று ஓடி பிரேக்கை இறுக்கும், பட்டனில் சிவப்பு விளக்கு எரியும்.

அன்றைக்குத் தோப்பில் காய் பறிப்பு. வண்டியை நான்தான் ஓட்டிப் போனேன். மோட்டார் கொட்டகைக்கு மேலே இருக்கிற சரிவில் நிறுத்தி, பட்டனைத் தூக்கிவிட்டு இறங்கினேன். நைனா பின்கதவைத் திறந்து கூடைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். நான் அம்மாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தபோது வண்டி சத்தமே இல்லாமல் பின்னால் நகர்ந்தது. நைனா ஒதுங்குவதற்குள் கொட்டகையின் கல்சுவரோடு சேர்த்து அவர் காலை நசுக்கிவிட்டது.

பறிக்க வந்தவர்களெல்லாம் சேர்ந்து வண்டியைத் தள்ளிப் பிடித்தார்கள். என் கணவர் ஓடிவந்து கதவைத் திறந்து உள்ளே குனிந்தார். நிமிர்ந்ததும் என்னைப் பார்த்து, "பட்டனே போடலியே நீ" என்றார்.

"போட்டேங்க."

"போடல. இப்பத்தான் நான் போட்டேன்."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா என் கையிலிருந்த சொம்பைப் பிடுங்கிக்கொண்டு நைனாவிடம் ஓடினாள்.

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் உடைந்திருந்தன. ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நைனா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உடும்மா, இன்னா பண்றது, அவசரத்துல மறந்துட்டிருப்பே" என்றார். என் விரல் அந்தப் பட்டனைத் தூக்கியது எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் கேட்கக் கேட்க அந்த ஞாபகம் தேய்ந்துகொண்டே போனது. அது வேறொரு நாளாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வண்டிச் சாவியைத் தொடுவதை விட்டேன். பஸ்ஸில் வேலைக்குப் போனேன்.

என் கணவர் அந்த நாட்களில் என்னிடம் மிகவும் அன்பாக இருந்தார். யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், "அவளே நொந்துபோயிருக்கா, சும்மா சும்மா கிளறாதீங்க" என்று அடக்குவார். இப்படி ஒருவர் கிடைத்தாரே என்று நான் அழுதிருக்கிறேன். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினால் சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுப்பார். எனக்குப் புத்தி வரவேண்டும் என்பதற்காகச் செய்கிறார் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொள்வேன்.

மழை ஓய்ந்த பிறகு நைனாவைக் காலைக் காட்டத் திருப்பதிக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. கம்பெனி பஸ்ஸில் போய்விட்டார். நைனாவால் பஸ் ஏற முடியாது. "நீயே ஓட்டுமா, நான் பக்கத்துல குந்திக்கிறேன்" என்றார். மெதுவாக ஓட்டிப் போனேன்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து வண்டியை எடுத்தால் நகரவில்லை. பட்டனை அமுக்கினேன். சிவப்பு விளக்கு அணையாமல் மினுக்கிக்கொண்டே இருந்தது. பிரேக் இறுகிப்போயிருந்தது. ஆஸ்பத்திரி காவலாளி போன் செய்து பக்கத்து ஒர்க்ஷாப்பிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார்.

அவர் ஜாக்கி போட்டு இடது பின்சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே பிரேக்கோடு ஒட்டியிருந்த சின்னக் கறுப்பு மோட்டாரைக் காட்டினார். அதன் ஒயர் பிளக்கை உருவியதும் துருத் தண்ணீர் சொட்டியது. உள்ளே கம்பிகள் பச்சையாகப் பூத்திருந்தன. அப்புறம்தான் வண்டியின் நம்பரைப் பார்த்தார்.

"இந்த பண்டி நம்ம ஷாப்புக்கு வந்ததே மேடம். சார்கி அப்புடே செப்பானு கதா."

அப்போதே சாரிடம் சொன்னேனே என்று தெலுங்கில் சொல்கிறார். எனக்குப் புரிந்தது. ஆனாலும் கேட்டேன். "எப்ப வந்தது? இன்னா சொன்னீங்க?"

"மாங்கா சீசனுக்கு முன்னே. ஓடைத் தண்ணி பூந்து லெஃப்ட் மோட்டார் சரியா புடிக்கல. ரைட் ஒண்ணுதான் புடிக்குது, லோடு ஏத்தி மேட்டுல நிறுத்தாதீங்க, மாத்திடுங்கன்னு சொன்னேன். டைம் இல்ல, வார்னிங் லைட்டை மட்டும் அழிச்சிக் குடுன்னார். வீட்ல மேடமும் ஓட்றாங்களான்னு கேட்டேன். சொல்லிட்றேன்னாரே."

முன் சீட்டில் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்த நைனாவுக்கும் எல்லாம் கேட்டது. மெக்கானிக் மோட்டாரைக் கழற்றிவிட்டு, உள்ளே இருந்த திருகை ஸ்பேனரால் திருப்பிப் பிரேக்கைத் தளர்த்தினார். சக்கரம் சுற்றியது.

வண்டியை அவருடைய ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோனோம். வாசலில் எங்களுக்கு இரண்டு நாற்காலி போட்டார்கள். நைனா ஏதாவது சொல்வார், என் தலையில் கை வைப்பார் என்று காத்திருந்தேன். அவர் ரோட்டைப் பார்த்தபடியே மெல்லச் சொன்னார்.

"இத்த மாப்ளை கிட்ட கேக்காதம்மா."

"இன்னா நைனா சொல்றே?"

"காலுதான் சேந்துட்ச்சில்ல. வெளிய தெரிஞ்சா அவருக்கு அசிங்கம். உன் பேர்ல இருந்தா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. பொண்ணுதானேன்னு உட்டுடுவாங்க."

மெக்கானிக் சொன்னதைவிட இது என்னை ஆழமாக அறுத்தது. நான் எழுந்தேன். உள்ளே போய், இரண்டு பக்க மோட்டாரையும் ஒயரையும் புதிதாக மாற்றச் சொன்னேன். மாற்றி முடித்து ஸ்கேனர் மாட்டி, பிரேக் இறுகுவதையும் விடுவதையும் சோதித்துக் காட்டும்வரை அங்கேயே நின்றேன்.

சாயங்காலம் என் கணவர் வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "அன்னிக்குத் தோப்புல நீங்க உள்ள குனிஞ்சப்ப பட்டன் போட்டிருந்ததா, இல்லியா?"

ஒர்க்ஷாப்பின் பெயரைச் சொன்னதும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"போட்டுதான் இருந்தது" என்றார். "மாமா காலைப் பார்த்ததும் பயந்துட்டேன். வாயில அதுதான் வந்தது. அப்பறம் எப்பிடி மாத்திச் சொல்றது?"

"இத்தினி மாசமா நான் அழுததைப் பார்த்துக்கினுதானே இருந்தீங்க?"

"கியர்லயாவது உட்டிருக்கலாம்ல நீயி."



ஞாயிற்றுக்கிழமை நகரிக்குப் போய் அம்மாவிடம் என் கணவர் வாயாலேயே சொல்ல வைத்தேன். நைனா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா கேட்டுவிட்டு, எதுவும் நடக்காததுபோல் மாப்பிள்ளைக்குச் சாப்பாடு போட்டாள். நான் கை கழுவப் போனபோது என்னிடம், "நைனாதான் வாணாம்னாரே, அவர் பேச்சைக் கேட்டிருக்கலாம்ல" என்றாள். என்னிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் நைனாவிடம் கேட்டார், அம்மாவிடம் கேட்டார்.

நாங்கள் பிரியவில்லை. அதே வீட்டில்தான் இருக்கிறோம், சிரித்துப் பேசுகிறோம். இப்போது நான்தான் வண்டியை வேலைக்கு எடுத்துப் போகிறேன். ஆனால் சமையல் கேஸை மூடிவிட்டேன் என்று அவர் சொன்னால் எழுந்துபோய்ப் பார்க்கிறேன். கதவைப் பூட்டிவிட்டேன் என்றாலும் போய்ப் பார்க்கிறேன். பெரும்பாலும் மூடித்தான் இருக்கிறது, பூட்டித்தான் இருக்கிறது. நான் எழுந்து போவதை அவர் பார்க்கிறார். எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை.